காற்றின் வாயில் ஒட்டிய தாள்

பெரியவளின் அம்மாவுக்கு,

அயர்ந்து தூங்குகிறாய், எழுப்ப மனமில்லை. நாம் ஊர் சுற்றும் இந்தக் கேரவன் வண்டியில் குளிர்சாதனம் சரியாகக் குளிராததற்கு, நீ ஓயாமல் கதவைத் திறப்பதே காரணம் என்று நேற்று கத்தினேன். "இது வண்டியா, அடுப்பா? விடிஞ்சதும் பஸ் பிடிச்சுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்" என்று நீயும் பெட்டி கட்டிவிட்டாய்.

காலையில் முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். உள்காற்றை இழுக்கும் கூரைச் சல்லடையின் மேல், நான் எழுதிய 'பயண விதிகள் பதினான்கு' என்னும் பெரிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவனும் நானே. கிழித்தெறிந்தேன்; வடிகட்டியையும் கழுவி மாட்டினேன். இப்போது நன்றாகக் குளிர்கிறது. உனக்குப் போர்வை போர்த்தியிருக்கிறேன்.

குளிர்சாதனத்தைப் பார்க்க வந்து, தொட்டுக்கூடப் பாராமல் "கேஸ் போயிடுச்சு சார்" என்ற மெக்கானிக்கிடம், இனி வரவேண்டாம் என்று நேரில் சொல்லப் போகிறேன். நாலு வார்த்தை சேர்த்தே சொல்வேன்! ரொட்டியும் அவித்த முட்டையும் மூடி வைத்திருக்கிறேன். கதவைத் தாராளமாகத் திற.

பி.கு.: பெட்டியை நான் பிரிக்கவில்லை. போயே தீருவாயென்றால் இந்த வெயிலில் பேருந்து வேண்டாம். நானே இவ்வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். வழி நெடுக வாய் திறக்கமாட்டேன்.