உன் பெயரால் வந்த ஒரு வரி

இன்று காலை கைப்பையைத் தலைகீழாகக் கொட்டியபோது அடியில் கிடந்த ஊக்கு விரலில் ஏறிவிட்டது. நுனி வளைந்த சின்ன ஊக்கு. நான் சேலைக்குக் குத்துவது பெரியது, ஆகவே இது உன்னுடையதுதான். ரத்தத்தை முந்தானையில் துடைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நேற்று நான் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நீ பாட்டுக்குப் போய்விட்டாய், ஏச்சு வாங்குவது நானாக இருக்கிறது.

வெளியே கிளம்பும் முன் நீ செய்யும் கடைசி வேலை இந்த ஊக்குகள்தான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே குனிந்து, பர்தாவின் கீழ் விளிம்பை இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் சேர்த்துப் பிடித்து வரிசையாகக் குத்துவாய். முதல் தடவை பார்த்தபோது, காற்றில் பறக்காமல் இருக்கவா என்று கேட்டேன். "காத்து என்ன செய்யும்? தூக்கும்போது துணி மேல ஏறிரும்லா" என்றாய், சோற்றுக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

எனக்கு இளம்பிள்ளைவாதத்தில் போனது ஒரு கால்தான். காலில் கட்டும் இரும்புக் காலிப்பரும் ஊன்றுகோலுமாக முனகிக்கொண்டே அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறி இறங்கிவிடுவேன். உனக்கு இரண்டும் போயிற்று. மேலப்பாளையத்து வீட்டை விட்டு நீ எங்கே போனாலும், படி வந்த இடத்தில் யாராவது உன்னைத் தூக்க வேண்டும். பேங்கில் வாசல் காவலர், பஸ்ஸில் கண்டக்டர், ஓட்டுச்சாவடியில் வரிசையில் நின்ற யாரோ. மற்ற நேரமெல்லாம் உன்னை வழக்கமாக ஏற்றிப்போகும் ஆட்டோக்கார அண்ணாச்சி. அந்த மனிதர் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. தூக்கும்போது நெற்றித் திருநீற்றோடு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். நீ கண்ணை மூடிக்கொள்வாய். இறக்கிவைத்ததும் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல மழையைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ பேசுவீர்கள்.

கட்டடம், பஸ், ரயில், இணையதளம் எல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று நாடு முழுவதுக்குமாக ஒரு கொள்கை எழுதுகிறார்கள், வரைவு வந்திருக்கிறது, நம் பக்கத்திலும் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள் என்று நம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்குத் தகவல் வந்தது. நீ சங்கச் செயலாளர். நான் இ-சேவை மையத்தில் கணினி தட்டுகிறவள். ஆங்கிலத்தில் இருந்ததை உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னேன். நல்ல நல்ல வரிகளாகத்தான் வந்துகொண்டிருந்தன. ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாய். சாய்தளமோ மின்தூக்கியோ அமைக்க இயலாத கட்டடங்களில், தூக்கிச் செல்ல உதவியாளர் இருந்தால் அதுவே போதுமானதாகக் கருதப்படும் என்று இருந்தது.

நான் அதைத் தாண்டிப் போயிருப்பேன், உண்மையாகச் சொல்கிறேன். படிக்கிறபோது கருணையான வரியாகத்தான் தெரிந்தது. நீ திரும்ப வாசிக்கச் சொன்னாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்:

"ஏளா, என்னத் தூக்குனவங்க எல்லாரும் நல்லவங்கதான். நல்லவங்க இருக்கது வரைக்கும் எவனும் சாய்தளம் கட்டமாட்டான். இப்பம் அதையே சட்டம்னு எழுதுதாவ."

பக்கத்தில் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்த உன் தங்கை மைமூனுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலில் இருந்து குளியலறைக்கு, குளியலறையில் இருந்து கூடத்துக்கு என, ராத்தா என்று கூப்பிட்டுக்கொண்டே அக்கா உன்னைத் தினமும் தூக்குகிறவள் அவள். இடுப்பில் பெல்ட் போட்டுத்தான் உட்காரவே முடியும் அவளால். "எனக்கும் சேத்து ஒரு கொள்கை எழுதச் சொல்லுங்கக்கா" என்றாள் என்னிடம். நாம் மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

முதல் கூட்டம் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில். வாசலில் படி. அண்ணாச்சிதான் தூக்கி உள்ளே வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல், நம்ம பிள்ளை பேசப்போகிறது என்று பின்னால் போய் நின்றுகொண்டார். தில்லியிலிருந்து வந்த குழு மேடையில் இருந்தது. நான் உனக்காக ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தேன், கண்ணியம், தனியுரிமை என்று யாருக்கும் வலிக்காத வார்த்தைகளாகப் பொறுக்கிப் போட்டு. மைக் கைக்கு வந்ததும் தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டாய். கால் பக்கம் குனிந்து ஓர் ஊக்கைக் கழற்றி உயர்த்திக் காட்டினாய். அது எதற்கென்று சொன்னாய்.

"நான் பர்தா போடுத பொம்பள. அந்நிய ஆம்பள தொடக்கூடாதுன்னு நெனைக்கவ. பேங்குக்குப் போனா தொடுதாவ, பஸ்ஸுக்குப் போனா தொடுதாவ, ஓட்டுப் போடப் போனாலும் தொடுதாவ. எல்லாம் நல்ல மனசோடதான். நல்ல மனசுக்கிட்ட நான் எப்பிடி வேண்டாம்னு சொல்ல? அதனால நீங்க சொல்லுங்க. தூக்கிட்டுப் போறத வழின்னு எழுதாதீங்க."

ஊக்கை என் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். திரும்பி அண்ணாச்சியைப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்தோம். அதே படி. அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார், கிட்டே வரவில்லை. நீதான், "தூக்குங்க அண்ணாச்சி" என்றாய். தூக்கினார். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தி, முன்பக்கம் பார்த்தபடியே கேட்டார், இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொல்லலையேம்மா என்று.

"சொன்னா தூக்கமாட்டீய. தூக்கலன்னா நான் எங்கன போவேன்?" என்றாய்.

ரயில் போய், கேட் திறந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்துக் கத்தினார்கள்.

பிறகு கூட்டப் பதிவு வந்தது. நானே அதை வாசித்துச் சொல்ல வேண்டியிருந்ததே, அந்தக் கொடுமையை என்ன சொல்ல! பெண் மாற்றுத்திறனாளிகளைத் தூக்கிச் செல்லப் பெண் உதவியாளர்களை நியமிக்க வேண்டும் என்று ஒரு பெண்மணி கோரிக்கை விடுத்தார் என்று எழுதியிருந்தார்கள். நீ முதலில் சிரித்தாய். பிறகு, "நான் என்ன சொன்னேன், அவன் என்ன எழுதியிருக்கான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். தூக்கியது ஆணா பெண்ணா என்பதுதான் அவர்கள் காதில் விழுந்திருந்தது. தூக்குவதே வேண்டாம் என்றது விழவில்லை. திருத்தச் சொல்லி எழுதினோம். பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வரட்டும், எழுதினதை வாசிக்க வைக்காமல் விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

அடுத்த கூட்டத்துக்கு நீ இல்லை. ஐப்பசி மழையில் பிடித்த சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் உன்னைக் கட்டிலில் இருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினவர்கள் யார் யார் என்று உனக்குத் தெரியாது, நீ நினைவு தப்பிக் கிடந்தாய். நான் ஊன்றுகோலை மைமூனிடம் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்து நொண்டிக்கொண்டே, உன் துணி விளிம்பை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்தபடி வந்தேன். விடு என்று நர்ஸ் அதட்டினாள். விடவில்லை.

திருத்திய வரைவு போன மாதம் வந்தது. அந்த வரி அப்படியே இருந்தது, கூடவே ஒரு வால்: பெண்களுக்குப் பெண் உதவியாளர்கள். சங்கத் தலைவர், அவருக்குப் பார்வை இல்லை, நான் வாசித்ததும் கைதட்டிவிட்டார். அந்தப் பிள்ளையோட பேச்சு தில்லி வரைக்கும் போயிருக்கு என்றார். அவர் கெட்டவர் இல்லை, உன்மேல் உயிரையே வைத்திருந்தவர். அடுத்த கூட்டத்தில் சங்கத்தின் சார்பாக நான் எழுந்து நன்றி சொல்ல வேண்டும், உன் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வரி வந்தால் அலுவலகங்களுக்குப் பெண் உதவியாளர் வேலை வரும், வீட்டில் மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்குத்தான் முதலில் தருவார்கள் என்று பேச்சு அடிபட்டது. சங்கத்தில் எல்லோரும் முதலில் சொன்ன பெயர் மைமூன். அவள் மாப்பிள்ளை வளைகுடாவில் இருந்து பேசுவதையே நிறுத்திவிட்ட கதை உனக்குத் தெரியும். அவள் எனக்குப் போன் செய்தாள். "ராத்தா போயும் எனக்கு ஒரு வழி விட்டுட்டுப் போயிருக்காக்கா" என்று அழுதாள். கரண்ட் போய்விட்டது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு ராத்திரி உறங்கவில்லை. உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எதற்கு அப்படி வாயைத் திறந்தாய்? நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? பிறகு பஸ் ஏறி மேலப்பாளையம் போனேன். மைமூனுக்குத் தெரியாமல் பேசுவது நியாயம் இல்லை என்று பட்டது. அந்த வரியை எடுக்கச் சொல்லித்தான் பேசப்போகிறேன் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் பீடி கட்டும் நூலைக் கடித்துத் துப்பினாள்.

நான் பேசினால் அது நின்றுவிடுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். நிற்காது என்றால் எதற்குப் பேச வேண்டும், நின்றுவிடும் என்றால் தன் வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும் என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று அதே மண்டபம், அதே வாசற்படி. மைமூன் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைவர் என் பக்கத்தில். என்னைக் கூப்பிட்டபோது உன் பெயரையும் சேர்த்துச் சொல்லி, நன்றி தெரிவிப்பார் என்றார்கள். கைதட்டல். காலிப்பருக்குள் கால் வேர்த்தது. நன்றி சொல்ல வரவில்லை என்றேன். அவள் கேட்டது இதை இல்லை என்றேன். பெண்கள் தூக்கினாலும் தூக்குவது தூக்குவதுதான், ஆள் இருக்கிறது என்று காட்டிக் கட்டடத்தை அப்படியே விட்டுவிடுவார்கள் என்றேன். வேலை கொடுங்கள், வழிகாட்ட, வாசித்துச் சொல்ல, சைகையில் பேச என்று எத்தனையோ வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் சாய்தளத்துக்குப் பதிலாக ஒரு பெண்ணின் இடுப்பை எழுதாதீர்கள் என்றேன். மேடையில் ஒருவர், அந்த வரி போனால் அந்த வேலைகளுக்கு வேறு இடம் இந்த வரைவில் இல்லை அம்மா, தெரிந்துதான் பேசுகிறீர்களா என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா.

கிடைக்கிறதையும் கெடுக்கிறாளே என்று பின்னால் ஒரு குரல். தலைவர் என் கையைப் பிடித்து, போதும் உட்காரு என்றார். நான் உட்காரவில்லை. பதிவு எழுதிக்கொண்டிருந்த அதிகாரியைப் பார்த்து, எழுதினதை வாசியுங்கள் சார் என்றேன். அவர் மேடையைப் பார்த்தார். பிறகு வாசித்தார்: பெண் உதவியாளர்களின் உடல்நலனில் கவனம் தேவை. இல்லை சார் என்றேன். அடித்துவிட்டு எழுதினார். வாசிக்கச் சொன்னேன்: இயன்றவரை சாய்தளத்துக்கு முன்னுரிமை தேவை. இல்லை சார். நேரமாகிறது என்றார்கள். ஆகட்டும் என்று நின்றேன். என் கால் நிற்கிற கால் இல்லை என்று உனக்குத் தெரியும், ஊன்றுகோல் அக்குளைக் குத்தித் தள்ளியது. கடைசியில் அந்த மனிதர் பேனாவை வைத்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள், அப்படியே எழுதுகிறேன் என்றார். சொன்னேன். மைக்கில் வாசித்தார்:

"மனிதரைத் தூக்கிச் செல்வது அணுகல் ஆகாது. அந்த விதிவிலக்கை நீக்க வேண்டும்."

யாரும் கைதட்டவில்லை. தில்லியில் அதை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னது நீ சொன்னபடி அந்தத் தாளில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

திரும்பும்போது அண்ணாச்சி என்னையும் மைமூனையும் ஏற்றிக்கொண்டார். உன் தெருமுனையில் மைமூன் இறங்கினாள். இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்து நின்று, என்னை நேராகப் பார்த்தாள்.

"ராத்தா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பா. அவ சொல்லியிருந்தா ரெண்டு நாளு பேசாம இருந்துட்டு, பெறகு நானே போயி சோறு போட்டுருப்பேன். உங்ககிட்ட எத்தன நாளு பேசாம இருக்கணும்னு எனக்குத் தெரியலக்கா."

சொல்லிவிட்டுப் பைய நடந்து உள்ளே போனாள்.

உன் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. உன் தங்கையின் பாடு இனி என் தலையில். அவளுக்கு ஏற்ற வேலை ஒன்றை எங்கேயாவது தேடிப் பிடிக்க வேண்டும், யார் யாரிடமோ போய் நிற்க வேண்டும். காலையில் போன் செய்தேன், எடுக்கவில்லை. மத்தியானம் செய்தேன், எடுக்கவில்லை. நாளைக்கும் செய்வேன். எடுக்காவிட்டால் பஸ் ஏறிப் போய் உன் வாசலில் உட்காருவேன், ஏசினால் ஏசட்டும். வேறு எப்படி உன்னை நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.