இலைதானே என்றாய்

இன்று காலை கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பந்தல் கட்டக் கயிறு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பக்கத்துச் சாக்கைப் பிரித்து ஒரு புகையிலைக் கட்டை வெளியே எடுத்துப் போட்டார். காய்ந்த இலையின் வாடைதான். ஆனால் கையிலெடுத்த கயிற்றை அப்படியே வைத்துவிட்டேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “என்னக்கா, தலை சுத்துதா? குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தரட்டா?” என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கயிறு வாங்காமலேயே பஸ் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மனதுக்குள் உன்னோடு பேச ஆரம்பித்தேன். வீடு வந்த பிறகும் அது நிற்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது உன் வீட்டுக்காரர் துபாயில். என்னுடையவர் விடிந்தால் ஆட்டோவோடு போய்விடுவார். பகல் முழுக்க நமக்கு நாம்தான். கால்வாய்க்கரை விளை நிலத்தைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்துப் பயறும் பாகலும் போடலாம் என்று சொன்னது நீ. “வீட்டுல கெடந்து டிவி பாத்து என்ன கிழிக்கப் போறோம் ஏட்டி?” என்றாய். பந்தல் போட்டோம். கொடி ஏறியது. முழ நீளத்துக்குப் பயறு தொங்கியது. கூடையோடு நாகர்கோவிலுக்குப் போனால் ஒரு தெரு முழுக்க நமக்கு வாடிக்கை வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நீ முதலில் சொல்வது ஒன்றுதான்: “மருந்தடிக்காத காய்.”

அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது. வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் பிழிந்து, கொஞ்சம் சோப்புக் கரைத்துத் தெளித்தோம். அடித்த பிறகும் இலையில் புழு அசைவதைப் பார்த்து நான் ஏமாந்து போனேன். நீ சிரித்தாய். “இது கொல்லாது ஏட்டி. திங்க விடாது. தின்னாலும் தோல் உரிக்க விடாது.” மகளிர் குழுப் பயிற்சி வகுப்பில் கேட்டுவந்திருந்தாய். சில நாளில் அதை நாமே பார்த்தோம். பழைய தோலைப் பாதி கழற்றி, மீதியில் சிக்கிக்கொண்டு, ஒரு புழு இலைக்கடியில் கிடந்தது. நான் அடுத்த கொடிக்குப் போய்விட்டேன். நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். “பாவம், நல்ல சாவு இல்ல” என்று மெல்லச் சொன்னாய்.

பிறகு அந்த மூட்டமான வாரம் வந்தது. வெயிலும் இல்லை, சரியான மழையும் இல்லை. பயற்றின் கொழுந்து, பூ, பிஞ்சு எல்லாவற்றிலும் அசுவினி என்கிற கறுப்புப் பேன் அப்பிக்கொண்டது. தொட்டால் விரல் பிசுபிசுத்தது. எறும்பு வரிசை கட்டி ஏறியது. வேப்பங்கொட்டைக் கரைசலை அடித்தால் தூறல் வந்து கழுவிவிட்டுப் போனது. பந்தல் கண்ணெதிரே சுருண்டது. அப்போதுதான் கைபேசியில் யாரோ பேசிய வீடியோவைக் காட்டினாய். புகையிலையை ஊறவைத்து, சோப்புக் கலந்து அடித்தால் பேன் ஒன்றுகூடத் தங்காது என்றார் அவர். முழுக்க இயற்கை என்றும் சொன்னார். “பொயிலையும் இலைதானே. நம்ம ஆளுக வாயில போட்டு மெல்லுதுதானே” என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடித்த அன்று சாயங்காலமே பேன் உதிர்ந்தது. நாம் கைகொட்டிச் சிரித்தோம். மறுநாள் பறிக்கும்போது நீ திடீரென்று குனிந்து எதையோ உள்ளங்கையில் எடுத்தாய். பொறிவண்டுகள். பேனைத் தின்ன வந்தவை. கால்களை மேலே தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன. “இது நமக்க பக்கத்து ஆளுல்லா?” என்றாய். நான் கூடையைத் தூக்கிக்கொண்டேன். அந்தப் பயற்றைத்தான் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் விற்றோம்.

இரண்டாம் முறை அடிக்கும்போது முதுகில் மாட்டிய டேங்க் ஒழுகியது. உன் ஜாக்கெட் நனைந்திருப்பதை நான் பார்த்துச் சொன்னேன். “வெறும் இலைத் தண்ணி, ஒண்ணும் செய்யாது. பந்தல முடிச்சிட்டு மாத்துகேன்” என்றாய். முடிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாய். வியர்வை ஊற்றியது. வாயில் எச்சில் ஊறி வழிந்தது. என் கையைப் பிடித்த உன் விரல்கள் தாமாகவே துடித்தன. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஆட்டோவில் உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு போனேன்.

“என்ன மருந்து அடிச்சீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“மருந்து இல்ல டாக்டர். இயற்கை. பொயில ஊறவச்ச தண்ணி.”

அவர் நர்ஸைக் கூப்பிட்டு உன் துணியை மாற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அதுல நிக்கோட்டின் இருக்கும்மா. பூச்சிய நரம்புல ஏறித்தான் கொல்லுது. நமக்கும் நரம்பு இருக்குல்ல? தோல் வழியாவே உள்ள போகும். செடி தன்னைக் காப்பாத்திக்க வச்சிருக்கிற விஷம் அது. நம்ம நல்லதுக்கா வச்சிருக்கு?”

மறுநாள் கண் தெளிந்ததும் நீ தண்ணீர் கேட்கவில்லை, உன் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கவில்லை. “நம்மகிட்ட காய் வாங்குத அந்த டீச்சரு முழுகாம இருக்காளே ஏட்டி. நமக்க பயறத் தின்னிருப்பாளா?”

வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று நின்றாய். எனக்குக் கோபம் வந்தது. “கடையில பாட்டில் வாங்கி அடிக்கியவன் எவனாவது வீடுவீடாப் போய்ச் சொல்லுதானா?” என்று கத்தினேன். “அவன் மருந்தடிக்கலன்னு சொல்லி விக்கலியே” என்றாய். நடக்கத் தெம்பில்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாய். டீச்சர் கதவைத் திறந்தார். நீ எதையும் மறைக்கவில்லை. பறிப்பதற்கு முந்தின நாள் புகையிலைத் தண்ணீர் அடித்தது, உனக்கு வந்த வாந்தி, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாய். மீதிப் பயறு இருந்தால் தூரப் போடச் சொன்னாய். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னாய்.

டீச்சரின் கை வயிற்றின்மேல் போனது. “உங்கள நம்பித்தானே வாங்கினேன்?” என்றார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு வீட்டில் பரவாயில்லை என்றார்கள். மற்ற வீடுகளில் இனி வர வேண்டாம் என்றார்கள். நம் ஊரில் காய் போடுகிறவர்களும் நம்மைத் திட்டினார்கள். வாங்குகிறவர்கள் தங்கள் காயையும் இப்போது சந்தேகமாகப் பார்க்கிறார்களாம்.

அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்றாய், அவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் விமானம் பிடித்து வந்து சேரும்வரை உன்னை வைத்திருந்தோம். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீங்கதான் அவகூட இருந்தீங்க. அந்தத் தண்ணிதானா காரணம்?” என்று கேட்டார். நான் அதே டாக்டரிடம் போய்க் கேட்டேன். இத்தனை மாதம் கழித்து அப்படிச் சொல்ல முடியாது என்றார். இல்லவே இல்லை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். இதயத்தில் முன்பே கோளாறு இருந்ததா என்று பார்க்காமல் அதையும் தன்னால் சொல்ல முடியாது என்றார். அதை அப்படியே உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையாட்டினார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அந்தத் தண்ணீர்தானா காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒருநாள் நாகர்கோவில் பஸ் நிலையத்தில் டீச்சரைப் பார்த்தேன். தோளில் பெண் குழந்தை. என் பக்கம் பார்த்து எச்சில் ஒழுகச் சிரித்தது, காலை உதைத்தது. நன்றாகத்தான் இருக்கிறது. உடனே உன்னிடம் சொல்லக் கைபேசியை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

நான் விளையை விடவில்லை. இந்த வாரமும் பேன் வந்திருக்கிறது. கறுத்த கொழுந்துகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போடுகிறேன். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறேன். வேப்பங்கொட்டைக் கரைசலைக்கூடக் கையுறை போட்டுத்தான் தொடுகிறேன். மகளிர் குழுவில் சிலருக்கு இது சிரிப்பாக இருக்கிறது. விளைச்சல் குறைவுதான். நான் செய்வது சரியா, பயமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

புதிய தெரு ஒன்றில் இப்போது சில வீடுகள் வாங்குகின்றன. மருந்து அடிக்காததுதானே என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்ல நாக்கு வருவதில்லை. என்ன அடித்தேன், என்றைக்கு அடித்தேன், அது பூச்சியை என்ன செய்யும் என்று சொல்கிறேன். சொல்லி முடித்ததும் அவர்கள் என் முகத்தையும் கூடையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் சமாதானமாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் போல எனக்கு வாய் துறுதுறுக்கும். சொல்வதில்லை. வாங்குவதும் வாங்காமல் போவதும் அவர்கள் பாடு என்று, தோளில் உன் கை கனக்க, வாசலில் நிற்கிறேன்.