கால்களுக்காக வாங்கிய சைக்கிள்

ஏட்டி,

இன்று காலை துவைக்கிற கல்லில் என் சுடிதாரை விரித்தால், வலது கால் ஓரத்தில் சங்கிலிக் கறை. சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், போகவில்லை. துணிக் கிளிப் மாட்டாமல் ஏறாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! உன் சைக்கிளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நீ எங்கிருந்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பாய், தெரியும்.

தக்கலையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் பில் போடுகிற மேசையில் இருந்தேன், நீ லேபில் இருந்தாய். ஊரார் விரலையெல்லாம் குத்துகிறவள், ஒருநாள் மதியம் உன் விரலையே குத்திப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாய்.

"எனக்கும் சுகர் வந்தாச்சு, கேட்டியா."

உன் அம்மைக்கு இதே நோயில்தான் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கடியப்பட்டணத்து வீட்டில் நாற்காலிதான் அவருக்கு உலகம். நீ கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. "அம்மையத் தூக்குததுக்கு நான் உண்டு. என்னத் தூக்க ஆரு இருக்கா? எனக்க காலு எனக்கு வேணும்" என்றாய். உன் குரல் நடுங்கி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

டாக்டர் நடக்கச் சொன்னார். உனக்கு அது சரிப்படவில்லை. "எங்க ஊருல ஒரு பொம்பிள சும்மா நடந்தா, வீட்டுக்கு வீடு நிறுத்தி எங்க போறன்னு கேப்பாவ. சைக்கிள்னா நிறுத்த முடியாதுல்லா?" உன் புது டச் போனில் ராத்திரியும் பகலுமாக சைக்கிள் வீடியோ பார்த்தாய். ஆஸ்பத்திரிக்கே சைக்கிளில் வருவதாக முடிவு செய்துவிட்டாய்.

திருவனந்தபுரத்துக் கடைக்கு நானும் துணைக்கு வந்தேன். முன்னால் கூடை வைத்த ஒன்றை நான் காட்டினேன். நீ அதைத் தூக்கிப் பார்த்து, அப்படியே கீழே வைத்தாய். "இரும்பாக்கும். எங்க கடக்கரையில சன்னல் கம்பியே இத்துப்போவுது, இது தாங்குமா?" கடைக்காரர் அலுமினியத்தில், ஸ்பிரிங் வைத்து, பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்தார். நீ அதை அமுக்கிப் பார்த்தாய். "மேட்டுல நான் மிதிக்கத எல்லாம் இந்த ஸ்பிரிங்கு தின்னுரும்." கடைசியில் மூலையில் நின்ற சாம்பல் நிற ரோடு சைக்கிளைத்தான் எடுத்தாய், கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருந்தது. உன் உயரத்துக்குச் சரியா என்று காலை அகட்டி நின்று பார்த்தாய். இன்னும் தடிமனான டயர் உள்ளே நுழையுமா என்று சக்கரத்துக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாய். இதில் கியர் சாமானெல்லாம் சாதாரணம்தான் என்று கடைக்காரர் இழுத்தபோது, "சட்டம் நல்லதா இருந்தாப் போதும். மத்தத தேயத் தேய மாத்திக்கிடலாம்" என்றாய். அந்தத் தெளிவை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறாமைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் செய்த காரியத்தை மறக்க முடியுமா? கடலுக்குப் போகாத நாள், வள்ளத்து எஞ்சினுக்கு கிரீஸ் போடுகிற நாள். தங்கச்சி சைக்கிளை உப்புக்காற்று தின்றுவிடக் கூடாதே என்ற பாசத்தில், எஞ்சினுக்குப் போட்ட கையோடு சைக்கிள் முழுக்கவும் பூசிவிட்டார். பிரேக் பிடிக்கிற சக்கர விளிம்பையும் விடவில்லை. இறக்கத்தில் நீ பிரேக்கை அழுத்த, அது வழுக்க, கடற்கரையில் குவித்திருந்த வலைமேல் போய் விழுந்தாய். பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் அசையாமல் சொன்னாராம்: "ஏலே, கடலுக்குப் போவாமலே பெரிய மீனு விழுந்துட்டு!"

இந்தக் கதையை லேபில் நீ நடித்தே காட்டினாய். அண்ணனை ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்ணெண்ணெய் விட்டு விளிம்பைத் துடைத்துவிட்டு, சீட்டுக் கம்பியையும் திருகுகளையும் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாயாம். "இதுல பூசு அண்ணா, இதுக்கு நல்லது. வீல்ல மட்டும் கை வச்சிராத." பிழையிலும் உபயோகமானதைப் பிரித்தெடுக்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்ததோ.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினாய். முதலில் தடித்த டயர், பிறகு நல்ல பிரேக் கட்டை. ஆனால் பெரிய ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தாய். எடை குறைந்த சக்கரம் போடு, பார்க்கவும் அழகு என்று நான் சொன்னேன். உனக்கு வேண்டியது பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம். மிதிப்பது லேசாகும், வேகம் குறைந்தாலும் மேடு ஏறிவிடலாம். அதற்காகவும் நீ அவசரப்படவில்லை. பழைய சங்கிலி தேயும்வரை பொறுத்திருந்து, இரண்டையும் சேர்த்தே மாற்றினாய். மறுநாள் வியர்த்து வழிய என் மேசையைத் தட்டினாய். "இறங்கல்லட்டி! ஒரு இடத்திலயும் இறங்கல்ல!" மேலதிகாரி நிற்கிறார் என்றும் பாராமல் உன்னைக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு உன் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்க எனக்குப் பயமில்லாமல் போயிற்று.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோயிற்று. சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அதில் எனக்கு என்ன ஆறுதல்?

பெட்டியில் வைப்பதற்கு முன் வெள்ளைச் சாக்ஸை என் கையில் தந்து போட்டுவிடச் சொன்னார்கள். குனிந்தேன். வெயிலில் கறுத்த பாதம், செருப்பு வார் மறைத்த இடம் மட்டும் வெளுப்பு. கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்தது. "போடாத மக்கா, நில்லு" என்றார் உன் அம்மை. நாற்காலியை உன் பக்கம் தள்ளச் சொல்லி, கை நீட்டி, உன் விரல் ஒவ்வொன்றையும் தடவினார்.

"எனக்க பிள்ள முழுசாப் போறா."

கண்ணீர் வழிய வழியச் சொன்னார். ஆனாலும் அந்தக் குரலில் இருந்தது பெருமைதான். என்னிடம் இன்னும் இருப்பது அந்தக் குரல். போன மாதம் எனக்கும் சுகர் என்று சொன்னார்கள். அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தேன். மேட்டில் இன்னும் இறங்கித்தான் தள்ளுகிறேன். ஆனால் பயப்படவில்லை, கேட்டியா.