சொப்பு கேட்ட நாள்

என் அந்தோணியம்மா அக்காவுக்கு,

ஜெனி பேசிவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "விஷயத்துக்கு வாடி" என்பாய்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் நீ அதைத்தான் கேட்டாய். "ஜெனி பேசுனாளா?" முதலில் உன் உடம்பைப் பார் என்று எரிந்து விழுந்தேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நம் அங்கன்வாடியில் நான் டீச்சர், நீ சமையல். பெற்றவர்கள் கம்பிக் கதவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். வந்தால் பிள்ளைகள் அழும், பாட்டும் கதையும் நடக்காது என்பேன். நீயோ தினமும், "அந்தப் பொம்பளைய ஒரு நாள் உள்ள விடேன்டி" என்பாய். ஜெனியின் அம்மா சகாயமேரியைத்தான் சொல்வாய். தமிழ் பேசுகிற மார்டள்ளி கிராமத்திலிருந்து இங்கே மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவள், கன்னடம் அரைகுறை. மூன்று வயது ஜெனி வீட்டில் வாயாடியாம். நம்மிடம் வந்தால் கப்சிப். கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் சுவரைப் பார்ப்பாள்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அடுப்பும் நானே, பாட்டும் நானே. இதற்கிடையில் சகாயமேரி வந்து, திங்கட்கிழமையிலிருந்து பிள்ளையை வேலை நடக்கும் இடத்துக்கே கூட்டிப்போவதாகச் சொன்னாள். இங்கே வாயே திறப்பதில்லை என்று தெருவில் ஊமைப் பட்டம் கட்டிவிட்டார்களாம். அந்தக் கம்பிக்கும் ஜல்லிக்கும் நடுவிலா பிள்ளை வளர வேண்டும்?

அந்த வியாழக்கிழமை சாம்பாருக்குப் போட எதுவும் இல்லை. கதவுக்கு வெளியே நின்ற அம்மாக்களிடம், நாளைக்கு ஆளுக்குக் கொஞ்சம் சொப்பு கொண்டுவாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னேன். கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. மறுநாள் பக்கத்துத் தெரு லட்சுமம்மா தண்டுக்கீரைக் கட்டோடு வந்தார். மற்றவர்களும் கீரைதான். சகாயமேரி மட்டும் ஒரு துணிப்பையை நீட்டினாள். உள்ளே பிள்ளைகள் விளையாடும் மரச் சொப்பு. குட்டிப் பானை, குட்டி அடுப்பு, கரண்டி.

"டீச்சருங்க, சொப்பு கேட்டீங்கல்லங்க. கோயில் திருவிழாவுல வாங்குனதுங்க. எல்லாப் புள்ளைங்களும் வெளையாடட்டும்."

லட்சுமம்மா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். விஷயம் புரிந்ததும் சகாயமேரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினாள். உன் குரல் காதில் கேட்டது என்றெல்லாம் கதை விடமாட்டேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். நானும் தமிழச்சிதானே, எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? கதவைத் திறந்து, "உள்ள வாங்க, எல்லாரும் வாங்க" என்றேன்.

ஒரு பிள்ளையும் அழவில்லை, அக்கா. அம்மாக்கள் பாயில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள். லட்சுமம்மா கன்னடத்தில் கேட்க, சகாயமேரி தமிழில் பதில் சொல்ல, பேச்சு அதுபாட்டுக்கு ஓடியது. அம்மாவின் மடியில் சாய்ந்திருந்த ஜெனி, இலைகளைக் கிள்ளிக் கிள்ளிக் குட்டிப் பானையில் போட்டாள். பிறகு எழுந்து நேராக என்னிடம் வந்து பானையை நீட்டினாள்.

"சொப்புல சொப்பு."

விளையாட்டுப் பானைக்குள் கீரை. முதல் சொப்பு தமிழ், இரண்டாவது கன்னடம். அசந்துபோய் நின்றேன். இந்தப் பொடிசுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிறேன், எனக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்கிறதா? லட்சுமம்மாவும் சகாயமேரியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சகாயமேரி சிரித்துக்கொண்டே அழுதாள்.

திங்கட்கிழமையும் ஜெனி நம்மிடம்தான் வந்தாள். இப்போது தினம் ஓர் அம்மாவோ அப்பாவோ உள்ளே இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிற ஓர் அப்பா வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டுகிறார். காது கிழிகிறது, ஆனாலும் நான் தடுக்கவில்லை.

நேற்று ஜெனி அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு என் முந்தானையை இழுத்தாள். "அந்த ஆயாம்மா எங்க?" என்றாள். அவள் குரலை நீ ஒரு முறைகூடக் கேட்டதில்லையே, அக்கா. மனசுக்குள் உன்னை எத்தனை தரம் கூப்பிட்டிருப்பாளோ?

கம்பிக் கதவின் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். நான் இருக்கும்வரை அங்கே இன்னொரு பூட்டு தொங்காது. நீ கேட்டதற்கு அன்று சொல்லாத பதிலை இனி தினமும் உன் கல்லறைக்கு வந்து சொல்வேன். இன்றைக்கும் பேசினாள், அக்கா.

உன்மேல் எரிந்து விழுந்த அதே தங்கை,
ரோஸி