ஓடிய கடல்

பிரிக்ஃபீல்ட்ஸில் இன்று மதியம் மழை. சூடான தார்ச்சாலையில் முதல் தூறல் விழுந்து எழுந்த வாசனை தேநீர்க் கடைக்குள் வந்ததும், குடித்துக்கொண்டிருந்த தே தாரிக்கை அப்படியே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். நீயாக இருந்தால் அண்ணாந்து பார்த்து, மேகம் எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டிருப்பாய்.

பல்கலைக்கழகத்தில் நாம் சேர்ந்து ஆராய்ந்த கோள் நினைவுக்கு வந்தது. தன் நட்சத்திரத்துக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றும் கோள். ஒரு பாதியில் ஓயாத பகல். மறுபாதியில் விடியாத இரவு. கணினியில் நாம் உருவாக்கிய காலநிலை மாதிரியை எத்தனை முறை ஓட்டினாலும், இருண்ட பாதியில் காற்றே உறைந்து பனியாய்க் கொட்டியது. காற்றில்லாத இடத்தில் உயிருக்கு ஏது வழி? துறைத்தலைவர் வேறு கோளைப் பார்க்கச் சொன்னார். நானும் தளர்ந்துவிட்டேன். நீதான் விடவில்லை.

"நம்ம மாடல்ல கடல் சும்மா நிக்குது லா. எந்தக் கடல் நிக்கும்? ஓட விட்டுப் பாப்போம்," என்றாய்.

காப்பார் கடலோரத்தில் வளர்ந்தவள் நீ. பகலின் வெப்பத்தை நீரோட்டம் இரவுப் பக்கத்துக்குக் கொண்டுபோகும் என்று நம்பி, அதற்கான சமன்பாடுகளை எழுதத் தொடங்கினாய். பாதியில் நோய் வந்தது. கிள்ளானில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோதும் உடம்பைப் பற்றிப் பேச விடமாட்டாய்; கடல் ஓடுகிறதா என்றுதான் கேட்பாய். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாய்.

ஓடியது. நீ விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்து ஓட்டினேன். இருண்ட பாதியின் வெப்பநிலை இறங்கி இறங்கி, ஓரிடத்தில் நின்றது. காற்று உறையவில்லை. நம்பாமல் மறுபடியும் ஓட்டினேன். பிறகு வெளிநாட்டுக் குழு ஒன்று தங்கள் சொந்த மாதிரியில் சோதித்து, அதே விடையைக் கண்டது. அன்று ஆய்வறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

கோலாலம்பூர் மாநாட்டில் உன் பெயரை முதலில் போட்டுத்தான் கட்டுரையை வாசித்தேன். மறைந்தவர் பெயர் கடைசியில் இருக்கட்டுமே என்றார் ஒருவர். கண்டுபிடித்தவர் பெயர்தான் முதலில் வரும் என்றேன். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. உன் அப்பா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போனேன்.

"அப்ப அவ சொன்னது சரிதானாம்மா?" என்று கேட்டார்.

"சரிதான் அங்கிள். அந்த மாதிரி உலகத்துலயும் உயிர் இருக்கலாம்னு அவதான் காட்டியிருக்கா."

அவர் எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

இப்போது எனக்கென்று ஓர் ஆய்வுக்குழு இருக்கிறது. ஒரு கோளில் உயிர் வாழவே முடியாது என்று யாராவது முடிவோடு வந்தால், மாதிரியில் நாம் எதை விட்டுவிட்டோம் என்று முதலில் தேட வைக்கிறேன். சலித்துக்கொள்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். திருப்பித் தருவதாக இல்லை.