டீசல் வடிகட்டியைத் திறந்து பார்க்கக் கோரி

அனுப்புநர்
பிக்கப் வண்டிக்காரரின் மூத்த மகள்,
மரக்கடைப் பின்சந்து, கடைசி வீடு.

பெறுநர்
வாகன ஆய்வாளர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: எஞ்சின் மாற்றிய எங்கள் பிக்கப் வண்டியை, பழைய இரும்புக்குப் போகும் முன் ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. பேச வேண்டிய இடத்தில் வாயடைத்து நின்றதால் இதை எழுதும்படி ஆயிற்று.

1. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். அப்பா ஓட்டுவார். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் கயிறு கட்டுவேன், டேங்க் நிரப்புவேன். பெட்ரோல் கட்டுப்படியாகாததால் டீசல் எஞ்சினுக்கு மாற்ற முடிவாயிற்று. வேலையை ஏற்றவர் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா. கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

2. புது எஞ்சின் பெரியது, அதன் சூட்டைத் தணிக்கப் பழைய ரேடியேட்டர் போதாது என்று சொன்னவரே மாமாதான். அப்பா பெரிதாக ஒன்று வாங்கினார். மடியில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனவள் நான். வண்டி திரும்பி வந்தபோது முன்னால் இருந்தது பழைய ரேடியேட்டரே. அதன் ஓரத்தில் உள்ள ஈயப் பற்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னேன். மச்சான் கை வைத்த வேலையில் குறை பார்க்காதே என்று அதட்டிவிட்டார்.

3. எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்யத் தங்கள் அலுவலகத்துக்கு வரும் வழியில், மேம்பாலம் ஏறும்போது ஆவி கிளம்பியது. எஞ்சின் இறுகிப்போய் வண்டி நின்றுவிட்டது. மாமா வந்தார். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். வேறு எதையும் கழற்றவில்லை. கூடியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி அப்பாவிடம், “திட்டாதீங்க மாப்ள. சின்னப் பொண்ணு, பழக்க தோஷத்துல பெட்ரோல ஊத்திட்டா” என்றார். என் தலையையும் தடவிக் கொடுத்தார்.

4. ஐயா, நான் ஊற்றியது டீசல். மாமா என்னை அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். செய்யாத தப்புக்கு மன்னித்துவிட்டுப் போனாரே, அதைத்தான் மறக்க முடியவில்லை. மறுநாள், வீட்டுக்கு இழுத்து வந்து நிறுத்திய வண்டியின் டேங்கில் துணி விட்டு நனைத்து, முகர்ந்து பார்க்கச் சொல்லி அப்பாவிடம் நீட்டினேன். வாங்கிப் பார்க்கவே இல்லை. “நீயே மாத்தி ஊத்தியிருப்ப” என்றார். இப்போது வாடகை வண்டியில் வேலைக்குப் போகிறார். கயிறு கட்ட வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

5. டேங்கில் இருப்பதை நான் மாற்றினேன் என்றே வைத்துக்கொள்வோம். வடிகட்டியிலும் பம்பிலும் தேங்கியிருப்பதை எப்படி மாற்ற முடியும்? மாமா வேலை முடித்து அவற்றின் திருகுகள் மேல் பூசிய சிவப்பு வண்ணம் இன்னும் விரிசல் விடாமல் இருக்கிறது; அதன்பின் யாரும் திறக்கவில்லை.

6. வரும் திங்கட்கிழமை, பெரிய மனது பண்ணி, வண்டியைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்வதாக மாமா சொல்லியிருக்கிறார். அப்பா தலையாட்டிவிட்டார். அண்ணனுக்கும் கணவருக்கும் நடுவில் அம்மாவுக்கு மத்தளம் போல் இரண்டு பக்கமும் இடி. அவரைச் சாட்சிக்கு இழுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே, திங்களுக்கு முன் ஓர் அலுவலரை எங்கள் வீட்டுக்கு அனுப்பி, அப்பாவும் மாமாவும் இருக்கும்போதே வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பெரிய ரேடியேட்டர் எந்த வண்டிக்குப் போயிற்று என்றும் மாமாவைக் கேட்க வேண்டும். நான் கேட்டால் சிரிப்பார். தாங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். முடிவைக் காகிதத்தில் மட்டும் அனுப்பிவிட வேண்டாம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் காகிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். இதை நான் படித்தால் நம்ப மாட்டார். வருகிறவரே அப்பாவின் முகம் பார்த்து வாயால் சொல்லிவிட்டுப் போகும்படி தங்களைப் பணிந்து கேட்கிறேன்.

இடம்: மரக்கடைப் பின்சந்து
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
டேங்கில் டீசல் ஊற்றியவள்
(கையொப்பம்)