முதுகில் இருந்த தடம்

இன்று ஆயுத பூஜை. அவசரப் பிரிவில் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் இயந்திரங்கள் இரண்டுக்கும் யாரோ சந்தனம் பூசியிருந்தார்கள். ஒன்றில் பொட்டு சரியாக ஷாக் பட்டனின் மேலேயே இருந்தது. துடைக்கும்போது சிரித்துவிட்டேன். வருடா வருடம் இதற்கென்றே பஞ்சோடு வந்து நிற்பவன் நீ. "சாமி கும்பிடுங்க, வேண்டாங்கல. பட்டனை மட்டும் உட்டுப்போட்டு வைங்க" என்பாய்.

நாம் ஒன்றாகப் படித்து, ஒரே ஆஸ்பத்திரியில் டாக்டர்களாகச் சேர்ந்தவர்கள். வெளியே என்னை 'டா' போட்டுப் பேசுவாய். வார்டுக்குள் எனக்கும் 'ங்க'தான். ஷாக் கொடுக்கும் முன் மற்றவர்கள் "கிளியர்" என்று கத்துவார்கள். நீயோ "தள்ளிக்குங்க" என்பாய். அந்த 'ங்க' முடிவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்த வெள்ளகோவில்காரரை மறந்திருக்க மாட்டாய். மனைவியைக் காட்ட வந்துவிட்டு, தானே வாசலில் விழுந்தவர். மூன்று ஷாக் கொடுத்தும் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. நான் நான்காவதுக்குத் தயாரானேன். "அதே பக்கம் எத்தனை தடவைங்க? பாதைய மாத்திப் பாக்கலாங்களா?" என்றாய். ஷாக் பாய்வதற்காக விலாவில் ஒட்டியிருந்த பட்டையை எடுத்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக ஒட்ட வேண்டும். நினைவே இல்லாத அந்த மனிதரிடம், "கொஞ்சம் திரும்பிக்குங்க" என்று சொல்லித்தான் புரட்டினாய். அடுத்த ஷாக்கில் நாடி வந்தது. சில நாட்களில் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

துடியலூர் வீட்டிலிருந்து உன்னைத் தூக்கி வந்த காலையில் நான்தான் பணியில் இருந்தேன். மூன்று ஷாக்குக்கும் உன் இதயம் மசியவில்லை. உன்னைத் திருப்பி முதுகில் ஒட்டினோம். அதற்கும் இல்லை. இரண்டாவது இயந்திரத்தையும் இழுத்து வந்து, இரண்டிலிருந்தும் அடுத்தடுத்து உடனுக்குடன் கொடுத்தோம். சிலருக்கு அது கைகொடுக்கும் என்று கேண்டீனில் உட்கார்ந்து நீயும் நானும் எவ்வளவு பேசியிருக்கிறோம்! உனக்குக் கைகொடுக்கவில்லை. உன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிஸ்டர்தான் என் தோளைத் தொட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் மனைவியைப் பார்க்கப் போனேன். என்ன கேட்பார் என்ற பயம் வழியெல்லாம் இருந்தது.

"குளிப்பாட்டறப்ப பாத்தனுங்ணா. நெஞ்சுல தடம் இருந்துச்சு, அது சரி. முதுகுலயும் செவந்து கெடந்துச்சே, அது ஏனுங்ணா?"

முன்பக்கம் கொடுத்துப் பலிக்காதபோது முதுகு வழியாகவும் கொடுத்ததை, பிறகு இரண்டு இயந்திரங்களை வைத்துப் பார்த்ததை, எல்லாம் சொன்னேன்.

"அப்ப எல்லா வழியும் பாத்துப்போட்டீங்க."

"பாத்துட்டோம் அம்மணி."

"அது போதுமுங்ணா" என்று சொல்லிவிட்டு, எனக்குக் காபி வைக்க எழுந்து போனார்.

அந்த ஒரு சொல்தான் மறுநாள் என்னை வார்டுக்கு வர வைத்தது. இன்றும் அதை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: எனக்குப் போதலைடா.